சின்ன ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்காவில் எடுபடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரி காரைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டே இருக்கை, பெரும்பாலும் நாலு சிலிண்டர் எஞ்சின், ஒரு டன்னை ஒட்டிய எடை, நாலு மீட்டரைச் சுற்றிய நீளம், மடக்கக்கூடிய துணிக் கூரை. எம்ஜி, டிரயம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, லோட்டஸ் என்ற பெயர்களில் வந்த வகை. ஃபெராரி, லம்போர்கினி எல்லாம் இந்தப் பேச்சில் வராது. அவற்றுக்கு எந்த ஊரிலும் பணக்காரர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கக்கூடிய காரைத்தான் கேட்கிறோம்.

அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதானே பிடிக்கும்?

பாதி சரி. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே விற்பனையில் முதலிடம். நாலு கதவு வைத்த எஃப்-150 ஒன்று கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், எடை இரண்டு டன்னுக்கு மேல்.

மீதிப் பாதியைப் பாருங்கள். 1955 முதல் 1962 வரை எம்ஜிஏ கார் ஒரு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதில் பிரிட்டனிலேயே விற்றது ஆறாயிரத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் ஏற்றுமதி, அதிலும் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு. ஆஸ்டின்-ஹீலி 3000 கதையும் அதேதான். 1966இல் வந்த ஃபியட் 124 ஸ்பைடர் இரண்டு லட்சத்தை ஒட்டித் தயாரானது, அதில் பெரும்பாலானவை கப்பலேறி அமெரிக்கா போயின. அந்தக் காரை பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் வரைந்த டாம் ஜார்டாவும், அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் பிறந்தவர்.

அதாவது இங்கிலாந்திலும் இத்தாலியிலும் செய்தார்கள். வாங்கிப் பிழைக்க வைத்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் இல்லையென்றால் ஐரோப்பாவே இந்தக் கார்களை இத்தனை செய்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

முதலில் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனிடம் டாலர் இல்லை. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் எஃகு ஒதுக்கீடு என்று அரசு சொல்லிவிட்டது. கையில் இருந்த பழைய வடிவமைப்பைத் தட்டிக்கொட்டி 1945இன் கடைசியில் எம்ஜி வெளியிட்ட கார்தான் டிசி. 1,250 சிசி, 54 குதிரைத்திறன். ஹீட்டர் கிடையாது. ஸ்டீயரிங் வலது பக்கம் மட்டும்தான். அமெரிக்காவுக்கு அனுப்பும்போதுகூட மாற்றவில்லை.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இவற்றைக் கையோடு கொண்டுவந்தார்கள், அப்படித்தான் மோகம் பரவியது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஒரு சிலர் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் தயாரான பத்தாயிரம் டிசி கார்களில் மொத்தமாகவே இரண்டாயிரம் போலத்தான் அமெரிக்கா போயின. மோகம் பரவியதற்கு வேறு காரணம் இருக்கிறது: ஓட்டிப் பார்க்க ஒரு களமும் கூடிப் பேச ஒரு கூட்டமும் கிடைத்தன. 1944இல் எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் தொடங்கியிருந்தது. 1948இல் கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்ட மாணவர், தானே ஒரு டிசி வைத்திருந்தவர், நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊருக்குள் தெருவிலேயே பந்தயம் நடத்தினார். நேர்ச்சாலையில் எந்த டெட்ராய்ட் செடானும் டிசியை முந்திவிடும். வளைவு வந்தால் கதை வேறு. அந்த வித்தியாசத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் அடுத்த காரையும் அதே மாதிரி தேடினார்கள். அடுத்து வந்த எம்ஜி டிடியில் இடது பக்க ஸ்டீயரிங் உண்டு. தயாரான முப்பதாயிரத்தில் இருபத்து மூவாயிரத்துக்கு மேல் அமெரிக்காவுக்கே போனது.

கார் கம்பெனிகள் அமெரிக்க ரசனையைக் கேட்டுச் செய்தனவா?

ஆரம்பத்தில் இல்லை. கேட்கவைத்தவர் மாக்ஸ் ஹாஃப்மன் என்ற இறக்குமதியாளர். ஆஸ்திரியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் கடை போட்டவர். பார்க் அவென்யூவில் இருந்த அவருடைய ஷோரூமை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் வெயில் அதிகம், ஆடம்பரம் வேண்டாம், விலையைக் குறைத்து எளிமையாக ஒன்று கொடுங்கள் என்று போர்ஷேயை நச்சரித்து அவர் வாங்கியதுதான் 1954இன் 356 ஸ்பீட்ஸ்டர். விலை 2,995 டாலர். பிஎம்டபிள்யூவிடமும் இதே மாதிரி கேட்டார். அவர்கள் செய்த 507 அழகாக இருந்தது, விலை எக்கச்சக்கமாக ஏறிப்போய் 250 சொச்சத்தோடு நின்றது. அழகு இரண்டிலும் இருந்தது. விற்றுக் கொடுத்தது விலைதான்.

டெட்ராய்ட் கம்பெனிகள் ஏன் இந்த மாதிரி கார் செய்யவில்லை?

செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கார் வளர்ந்துவிட்டது.

முதலில் வந்தவர் டெட்ராய்ட்காரர் அல்ல, ரேடியோ வியாபாரி பவல் கிராஸ்லி. 1949இல் ஹாட்ஷாட் என்று முக்கால் லிட்டருக்கும் குறைவான எஞ்சினோடு ஒரு குட்டி ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை இரண்டு இருக்கைக் கார், விட்டார். 1950 டிசம்பர் 31 அன்று ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த முதல் பந்தயத்தில், எஞ்சின் அளவுக்கேற்பக் கணக்கிடும் முறையில், ஜெயித்தது அந்தக் குட்டிதான். ஆனாலும் 1952இல் கிராஸ்லி கார் தொழிலையே மூடிவிட்டார்.

ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் ஐரோப்பிய கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு உண்டாக்கியது கோர்வெட். 1953இல் 300 கார் மட்டும். ஆறு சிலிண்டர், இரண்டே வேக ஆட்டோமேட்டிக் கியர். ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1955இல் வி8 எஞ்சின் போட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது; அதோடு அது ஐரோப்பியச் சின்ன காரின் வழியை விட்டும் விலகிவிட்டது.

ஃபோர்டின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது சந்தையைக் கணக்காகவே காட்டுகிறது. 1955இல் தண்டர்பேர்ட் இரண்டு இருக்கையோடு வந்தது, ஓரளவு விற்றது. 1958இல் பின்னால் இரண்டு இருக்கை சேர்த்தார்கள். ரசிகர்கள் திட்டினார்கள். 1960இல் தொண்ணூறாயிரத்துக்கு மேல் விற்றது. அதே ஆண்டு கோர்வெட் பத்தாயிரம் சொச்சம். பிறகு 1962இல் ஃபோர்டே ஒரு மாதிரிக் காரைக் காட்டியது: இரண்டு இருக்கை, 1.5 லிட்டர் வி4 எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், அலுமினிய உடல். அசல் ஐரோப்பிய பாணி. அதன் பெயர் மஸ்டாங். கூட்டம் மொய்த்தது. ஃபோர்டின் மேலதிகாரி லீ அயகோக்கா பார்த்துவிட்டு, இது தீவிர ரசிகர்களுக்குத்தான் என்று ஒதுக்கினார். 1964 ஏப்ரலில் அதே பெயரில் கடைக்கு வந்தது நாலு இருக்கைக் கார். முதல் ஆண்டிலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. வியாபாரியாக அயகோக்கா செய்ததில் தப்பு சொல்ல முடியாது.

சின்ன காரில் பெரிய அமெரிக்க எஞ்சினைப் போட்டால்?

அமெரிக்கப் பந்தய ஓட்டுநராக இருந்த கரோல் ஷெல்பி அதைத்தான் செய்தார். பிரிட்டனின் ஏசி ஏஸ் உடலில் 1962இல் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கினார், கோப்ரா பிறந்தது. பிரிட்டனின் இன்னொரு காரான சன்பீம் டைகரும் அதே யோசனைதான். அதன் முடிவு கொஞ்சம் வேடிக்கையானது: சன்பீமின் தாய்க் கம்பெனியை கிரைஸ்லர் வாங்கியது, தன் காருக்குள் போட்டிக் கம்பெனியான ஃபோர்டின் எஞ்சின் இருப்பதைப் பார்த்தது, தன்னுடைய வி8 அந்தப் பானட்டுக்குள் அடங்காது என்றும் கண்டது, காரையே நிறுத்திவிட்டது.

இவ்வளவு பிடித்திருந்தால் 1980 வாக்கில் ஏன் எல்லாம் காணாமல் போயின?

எல்லாரும் அரசு விதிகளைத்தான் குற்றம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம், 1970இல் காற்று மாசுச் சட்டம், 1973 மாடல் முதல் மணிக்கு 5 மைல் மோதலைத் தாங்கும் பம்பர். பெரிய கம்பெனிகள் சமாளித்தன. எம்ஜி, டிரயம்ஃப் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்ட் சமாளித்த விதம் பரிதாபம். 1962இல் 95 குதிரைத்திறனோடு அழகாக வந்த எம்ஜிபிக்கு, 1974இன் இறுதியில் கன்னங்கரேல் என்று தடித்த ரப்பர் பம்பர் மாட்டினார்கள். விளக்கும் பம்பரும் விதித்த உயரத்தில் இருக்க வேண்டுமே, அதற்காகக் காரையே தூக்கி நிறுத்தினார்கள். வளைவில் சாயத் தொடங்கியது. இரட்டைக் கார்புரேட்டர் போய் ஒற்றையானது. அமெரிக்காவுக்குப் போன காரில் குதிரைத்திறன் அறுபது சொச்சத்துக்கு இறங்கியது. திறந்த கூரைக் கார்களையே தடை செய்துவிடுவார்கள் என்று பயந்து டிரயம்ஃப் டிஆர்7 காரை மூடிய கூரையோடு வடிவமைத்தார்கள். தடை வரவே இல்லை.

ஆனால் விதிகளுக்கு முன்பே ஒரு நோய் இருந்தது. இந்தக் கார்களை நம்பி வெளியூர் போக முடியாது. எண்ணெய் ஒழுகும், மழை வந்தால் கூரை ஒழுகும், மின் இணைப்பு எப்போது கைவிடும் என்று தெரியாது. மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு அமெரிக்க ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இருட்டின் இளவரசன்’. ஆங்கிலேயர் ஏன் சூடான பீர் குடிக்கிறார்கள்? லூகாஸ் செய்த ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று ஒரு பழைய ஜோக்கும் உண்டு. வேறு வழியில்லாதவரை சிரித்துக்கொண்டே சகித்தார்கள்.

1970 மாடலாக ஜப்பானிலிருந்து டாட்சன் 240இசட் வந்தது. ஆறு சிலிண்டர், சுமார் 3,500 டாலர், காலையில் சாவியைத் திருகினால் கிளம்பும். சகிப்புக்கு அவசியம் இல்லாமல் போனது. போதாக்குறைக்கு நாணய மாற்று: 1976இல் 1.60 டாலருக்கு இறங்கிய பவுண்டு 1980இல் 2.40 போல ஏறியது. அமெரிக்காவில் விற்கிற ஒவ்வொரு காரும் நஷ்டம். 1980 அக்டோபரில் இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையை மூடினார்கள். அந்த வரிசையில் அதே ஆண்டில் நின்ற இன்னொன்று டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். நம்மூர்க்காரர்களுக்கு அது தூரத்துச் சொந்தம்: ஸ்பிட்ஃபயர் நின்றது டிரயம்ஃப் ஹெரால்டின் சேசிஸில், அந்த ஹெரால்டைத்தான் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று செய்தார்கள்.

நோய், விதி, போட்டி, பவுண்டு என்று நாலும் சேர்ந்துதான் கொன்றன. ஆசை குறைந்து போனதற்கான அடையாளம் இதில் எங்கும் தெரியவில்லை.

ஆசை குறையவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

1989இல் ஜப்பானின் மாஸ்டா அதை நிரூபித்தது. பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி ஒன்று செய்யுங்கள் என்று 1979இலேயே சொல்லியிருந்தார். பிறகு அவரே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். கலிஃபோர்னியாவின் அர்வைனில் இருந்த குழுவும் ஹிரோஷிமா தலைமையகமும் சேர்ந்து, 1960களின் லோட்டஸ் எலானை உதாரணமாக வைத்துக்கொண்டு உருவாக்கியது மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள். 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, விலை 13,800 டாலர். டீலர்கள் விலைக்கு மேல் பல ஆயிரம் வைத்து விற்றார்கள், அப்போதும் வரிசை நின்றது. 1990இல் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 36,000 போனது. 2016இல் உலகளவில் பத்து லட்சமாவது கார் வந்தது.

அதே 1989இல் லோட்டஸும் புதிய எலான் விட்டது. முன்சக்கர இழுவை, அமெரிக்காவில் மியாட்டாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. யாரும் சீண்டவில்லை. தன் பழைய காரைப் பார்த்து அடுத்தவர் செய்ததை லோட்டஸால் செய்ய முடியவில்லை.

ஜப்பான் காரை ஐரோப்பிய காராகக் கணக்கில் எடுக்கலாமா?

பாணி என்று பார்த்தால் எடுக்கலாம். எங்கே செய்தது என்பதில் வாங்குபவர்களுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஃபியட் 2016இல் திரும்பக் கொண்டுவந்த 124 ஸ்பைடரே ஹிரோஷிமாவில் மியாட்டாவின் பக்கத்தில் தயாரான வண்டிதான். எஞ்சின் மட்டும் இத்தாலி. 2020இல் அது நின்றுபோனது.

அமெரிக்கக் கம்பெனிகள் மறுபடி முயன்றனவா?

ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு இரண்டு முறை. 1984இல் ஃபியரோ, எஞ்சின் நடுவில் வைத்த கார். அலுவலகம் போய்வர ஒரு சிக்கனமான வண்டி என்று மேலிடத்தில் சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள். முதல் ஆண்டு 1,36,000க்கு மேல் தயாரானது. ஆரம்பக் கார்களில் எஞ்சின் தீப்பிடித்த செய்திகள் வந்ததும் பெயர் கெட்டது. 1988இல் சஸ்பென்ஷனை ஒருவழியாகச் சரிசெய்தார்கள். அதே ஆண்டு நிறுத்தியும் விட்டார்கள். இரண்டாவது சால்ஸ்டிஸ் ரோட்ஸ்டர். 2009 திவாலில் பான்டியாக் பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் மூட முடிவெடுத்தபோது அதுவும் போனது.

ஐரோப்பியர்கள் திரும்பி வரவில்லையா?

வந்தார்கள், விலையை ஏற்றிக்கொண்டு. போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டிடி, மெர்சிடிஸ் எஸ்எல்கே எல்லாம் நல்ல கார்கள். எம்ஜி வாங்கிய வர்க்கத்துக்கு எட்டாதவை. பிஎம்டபிள்யூ இசட்3 காரை அமெரிக்காவிலேயே, தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் செய்தார்கள், அதனால் விலை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. லோட்டஸ் எலீஸ் 2004இல் டொயோட்டா எஞ்சினோடு வந்து நல்ல பெயர் எடுத்தது. ஏர்பேக் விதியில் கொடுத்திருந்த விலக்கு 2011இல் முடிந்ததும் கிளம்பிவிட்டது. ஆல்ஃபா 4சிக்கு கார்பன் ஃபைபர் கூடு. பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிற வண்டி.

ஆல்பைன் ஏ110 அவ்வளவு புகழப்படுகிறதே, அமெரிக்காவில் ஏன் விற்கவில்லை?

ஆல்பைனின் தாய் ரெனோ. 1987இல் அது அமெரிக்காவை விட்டே போனது. டீலர் இல்லை, உதிரிபாகக் கிடங்கு இல்லை. இன்னொரு தலைவலி, மோதல் சோதனை. சீட் பெல்ட் போடாதவரையும் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவில் பெல்ட் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் விற்கிற காருக்கு அதற்காக உள்ளமைப்பை மாற்றினால் போட்ட பணம் திரும்பாது.

எஃப்-150 பக்கத்தில் இதை ஓட்ட பயமாக இருக்காதா?

இருக்கும். 1.23 மீட்டர் உயர மியாட்டாவில் உட்கார்ந்தால் பக்கத்து லேன் பிக்கப்பின் சக்கர நட்டுதான் கண்ணுக்கு நேரே தெரியும். ஏர்பேக், எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி எல்லாம் உண்டு. ஆனாலும் இரண்டு டன் வந்து மோதினால் ஒரு டன் தோற்கும். ரசிகர்கள் இதை மழுப்பக் கூடாது. அங்கே இந்தக் கார் பெரும்பாலும் இரண்டாவது காராகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரமான ஆள் உட்கார முடியுமா?

ஆறு அடி வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

சின்ன கார் என்றால் எரிபொருள் விதிகள் சாதகமாக இருக்குமே?

நேர்மாறு. 2011 மாடல் முதல், சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை வைத்து இலக்கு வைத்தார்கள். கார் சின்னதானால் இலக்கு கடினம். பிக்கப்புக்கும் பெரிய எஸ்யூவிக்கும் தளர்வு. 2025இல் அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த இறக்குமதி வரியால் ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் கார்களுக்கு 15 சதவீதம், முன்பு 2.5 மட்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

மின்சாரக் காரில் இந்த வகை வருமா?

டெஸ்லாவின் முதல் காரே இந்த வகைதான். 2008இல் வந்த ரோட்ஸ்டர், லோட்டஸ் எலீஸை அடிப்படையாகக் கொண்டது. உடலை இங்கிலாந்தின் ஹெத்தலில் லோட்டஸே செய்து கொடுத்தது. சுமார் 2,450 விற்றது. அதற்குப் பின் டெஸ்லா பெரிய கார்களுக்குப் போய்விட்டது. பேட்டரியின் எடைதான் சிக்கல். இப்போது எம்ஜி பெயரில் வரும் சைபர்ஸ்டர் அழகான மின்சார ரோட்ஸ்டர், ஆனால் எடை இரண்டு டன்னைத் தொடுகிறது. அமெரிக்காவில் விற்பதும் இல்லை. பேட்டரி பாதியாக இளைக்கும் வரை நான் இதில் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

சரி, கடைசியில் எடுபடுமா, படாதா?

எடுபடும், அளவோடு. மியாட்டா இன்று அங்கே ஆண்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்ற கணக்கில் போகிறது. விலை 30,000 டாலரை ஒட்டி. புதுக் காரின் சராசரி விலை 50,000 டாலரைத் தொட்டிருக்கிற ஊரில் இது மலிவு. அந்த எண்ணிக்கையில் லாபம் பார்க்கத் தெரிந்தால் நிலைக்கலாம். லட்சக்கணக்கில் விற்கும் என்று தொழிற்சாலை கட்டியவர்கள்தான் மூடினார்கள். புதிதாக ஒரு ஐரோப்பியக் கம்பெனி வருமா என்றால், மற்ற கார்களை விற்க ஏற்கெனவே அங்கே டீலர் வைத்திருப்பவர்களால் மட்டுமே முடியும்.

நான் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறேன். ஒன்று வாங்கிப் பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

தொந்தரவு வேண்டாம் என்றால் பழைய மியாட்டா, கையால் கியர் போடுகிறது. கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியில் துரு இருக்கிறதா பாருங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற வடகிழக்கு மாநில வண்டியைவிட கலிஃபோர்னியா, அரிசோனா வண்டி நல்லது.

கையில் கிரீஸ் பட்டாலும் பரவாயில்லை என்றால் எம்ஜிபி. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. முழு உடற்கூட்டையே இங்கிலாந்தில் இன்றும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். 1974க்கு முந்தைய குரோம் பம்பர் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும்.

அமெரிக்காவுக்கே வராத கார்மேல் கண் என்றால், தயாராகி 25 ஆண்டு ஆன வண்டிக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 1995இல் வந்த எம்ஜிஎஃப், ஃபியட் பார்க்கெட்டா, 1996இன் முதல் எலீஸ் எல்லாம் அந்தக் கணக்கில் இப்போது சட்டப்படி இறங்கலாம். உங்கள் மாநிலத்தில் பதிவு செய்ய என்ன கேட்கிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவின் புகைச் சோதனை தனிக் கெடுபிடி.